ரோட் ஐலண்ட்: அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரைபடத்தின் வடகிழக்கு மூலையில், மாசசூசெட்ஸுக்கும் கனெக்டிகட்டுக்கும் நடுவே ரோட் ஐலண்ட் இருக்கிறது. உள்ளே பெயரெழுத இடம் போதாமல், பல வரைபடங்களில் பெயரைக் கடலில் எழுதிக் கோடு இழுத்திருப்பார்கள். பொது அறிவுப் புத்தகங்களில் 'பரப்பளவில் மிகச் சிறிய மாநிலம்' என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. இந்த மாநிலத்தின் அளவைக் காட்டிலும் அதன் பிடிவாதம் சுவாரசியமானது. அந்தப் பிடிவாதம் சில சமயம் மிக நல்ல காரியங்களுக்காக இருந்தது, சில சமயம் மிக மோசமான காரியங்களுக்காக.

பெயரில் 'ஐலண்ட்' என்று இருக்கிறதே, இது தீவா?

இல்லை. மாநிலத்தின் பெரும்பகுதி மற்ற மாநிலங்களோடு ஒட்டிய நிலம்தான். ஆனால் நாரகான்செட் விரிகுடா தெற்கிலிருந்து சுமார் 45 கி.மீ. உள்ளே புகுந்து மாநிலத்தைப் பிளக்கிறது. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. அவற்றில் பெரியது அக்விட்னெக். நியூபோர்ட் நகரம் இருப்பது அங்கேதான். 1644-இல் குடியேறிகள் அக்விட்னெக்குக்கு 'ரோட்ஸ் தீவு' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயர் மாநிலம் முழுவதற்கும் ஆகிவிட்டது.

1524-இல் இந்தப் பக்கம் வந்த இத்தாலிய மாலுமி வெரசானோ, இங்கே பார்த்த ஒரு தீவை மத்தியதரைக் கடலின் ரோட்ஸ் தீவோடு ஒப்பிட்டு எழுதினார். பெயருக்கு அதுதான் மூலம் என்பார்கள் சிலர். டச்சுக்காரர்கள் 'சிவப்புத் தீவு' என்று குறித்ததிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டு விளக்கமும் புழக்கத்தில் உண்டு.

எவ்வளவு சிறியது?

வடக்கிலிருந்து தெற்கே சுமார் 77 கி.மீ., கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 60 கி.மீ. நிலப்பரப்பை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 2,680 சதுர கி.மீ. இந்தியாவின் மிகச் சிறிய மாநிலமான கோவாவே 3,702 சதுர கி.மீ. என்பதை வைத்துப் பார்த்தால் அளவு புரியும். அமெரிக்காவில் இதற்கு அடுத்த சிறிய மாநிலமான டெலவேரின் நிலப்பரப்பு இதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மாநிலத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் ஐ-95 நெடுஞ்சாலையில், நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குப் போய்விடலாம். அதனாலோ என்னவோ, அரை மணி நேரக் கார்ப் பயணத்தையே தூரம் என்று நினைப்பவர்கள் ரோட் ஐலண்ட்காரர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்வதுண்டு.

மிக உயரமான இடம் ஜெரிமத் குன்று, 247 மீட்டர். அவ்வளவுதான்.

அப்படியென்றால் மக்கள்தொகையிலும் இதுதான் கடைசியா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் ரோட் ஐலண்டின் மக்கள்தொகை 10,97,379. வயோமிங், வெர்மான்ட், அலாஸ்கா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, டெலவேர், மொன்டானா ஆகிய ஏழு மாநிலங்களில் இதைவிடக் குறைவான மக்கள் இருந்தார்கள். வயோமிங்கின் நிலம் ரோட் ஐலண்டைப்போல் தொண்ணூறு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ இதன் பாதியைவிடச் சற்றே அதிகம். மக்கள் நெருக்கத்தில் நியூஜெர்சிக்கு அடுத்த இடம் ரோட் ஐலண்டுக்கு.

தலைநகரம் எது?

பிராவிடன்ஸ். 2020-இல் அங்கே சுமார் 1,91,000 பேர் வசித்தார்கள். ஆனால் இந்த மாநிலத்துக்கு நீண்ட காலம் ஒரே தலைநகரம் என்று ஒன்று இல்லை. 1854 வரை சட்டமன்றம் ஐந்து கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) தலைமை ஊர்களுக்கும் மாறி மாறிப் போய்க் கூடியது. அப்புறம் 1900 வரை நியூபோர்ட், பிராவிடன்ஸ் இரண்டிலும் மாறி மாறி. வெள்ளைப் பளிங்குக் குவிமாடத்தோடு இன்று நிற்கும் ஸ்டேட் ஹவுஸ் கட்டடம் அதற்குப் பிறகுதான் முழுமையடைந்தது.

அந்த நீளமான பழைய பெயர் என்ன ஆனது?

2020 வரை இந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் 'ரோட் ஐலண்ட் அண்ட் பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்'. மிகச் சிறிய மாநிலத்துக்கு நாட்டிலேயே மிக நீளமான பெயர். பதினேழாம் நூற்றாண்டில் பிளாண்டேஷன் என்றால் குடியேற்றம் என்றுதான் பொருள். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அது அடிமைகள் வேலை செய்த தோட்டங்களையே நினைவூட்டியது. 2010-இல் பெயரைச் சுருக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2020 நவம்பரில் மறுபடி கேட்டபோது சுமார் 53 சதவீதம் பேர் சரி என்றார்கள். பத்தே ஆண்டில் இவ்வளவு மாற்றம். அடிமை வணிகம் பற்றிய கேள்விக்குக் கீழே வரும்போது இந்த வாக்கெடுப்பு ஏன் வெறும் பெயர் விவகாரம் இல்லை என்பது தெரியும்.

யார் நிறுவினார்கள்?

துரத்தப்பட்டவர்கள். முதல் ஆள் ரோஜர் வில்லியம்ஸ் என்ற இளம் பாதிரியார்.

இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்த பியூரிட்டன்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் தங்கள் மதத்தைத் தங்கள் விருப்பப்படி பின்பற்றவே கடல் கடந்தார்கள். வந்த இடத்தில் மற்றவர்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. வில்லியம்ஸ் அதை எதிர்த்தார். மனசாட்சி விஷயத்தில் அரசாங்கத்துக்கு எந்த வேலையும் இல்லை, ஒருவன் கோயிலுக்கு வருகிறானா என்று நீதிபதி பார்க்கக் கூடாது என்றார். அதைவிட ஆபத்தான இன்னொன்றும் சொன்னார்: இந்த மண் பூர்வகுடிகளுடையது, இங்கிலாந்து அரசர் எழுதிக் கொடுத்த பட்டயம் அதை யாருக்கும் சொந்தமாக்கிவிடாது, வேண்டுமென்றால் அவர்களிடம் முறையாகக் கேட்டுப் பெறுங்கள்.

1635 அக்டோபரில் அவரை நாடு கடத்தத் தீர்ப்பானது. கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பிவிடத் திட்டமிட்டார்கள். செய்தி முன்கூட்டியே கிடைக்க, 1636 ஜனவரிப் பனியில் வீட்டைவிட்டு வெளியேறினார். அந்தக் குளிர்காலத்தில் அவரைக் காப்பாற்றியவர்கள் வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்கள். பிறகு நாரகான்செட் என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தின் தலைவர்கள் கனோனிகஸ், மியான்டனோமி இருவரும் கொடுத்த இடத்தில் அதே ஆண்டு பிராவிடன்ஸை நிறுவினார். அவர்களுடைய மொழியைக் கற்று, அதைப் பற்றி 1643-இல் லண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார்.

அடுத்து வந்தவர் ஆன் ஹட்சின்சன். வீட்டில் கூட்டம் கூட்டிப் பாதிரியார்களின் பிரசங்கங்களை அலசினார் என்பதற்காக மாசசூசெட்ஸ் அவர்மீது வழக்கு நடத்தி வெளியேற்றியது. ஒரு பெண் இறையியல் பேசியது அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது. 1638-இல் அவரும் ஆதரவாளர்களும் அக்விட்னெக்கில் போர்ட்ஸ்மத் ஊரை அமைத்தார்கள். மறு ஆண்டு அந்தக் குழுவில் ஒரு பகுதியினர் பிரிந்து நியூபோர்ட்டை அமைத்தார்கள். 1640-களில் சாமுவேல் கோர்ட்டன் என்ற, எந்த ஊரோடும் ஒத்துப்போகாத மனிதர் வார்விக்கை நிறுவினார். இந்த நான்கு ஊர்களும் சேர்ந்ததுதான் ரோட் ஐலண்ட். ஒவ்வொன்றும் ஒரு கருத்து வேறுபாட்டில் பிறந்த ஊர்.

உண்மையிலேயே மதச் சுதந்திரம் இருந்ததா?

அந்தக் காலத்தை வைத்துப் பார்த்தால், வியக்கும் அளவுக்கு இருந்தது. 1657-இல் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் வந்தபோது மற்ற குடியேற்றங்கள் அவர்களை விரட்டச் சொல்லி ரோட் ஐலண்டை நெருக்கின. இது மறுத்துவிட்டது. 1660-இல் பாஸ்டனில் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மறுப்பின் எடை தெரியும். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபை பிராவிடன்ஸில் 1638-இல் உருவானது. வில்லியம்ஸுக்கு குவேக்கர் கொள்கைகள் சற்றும் பிடிக்காது, அவர்களோடு கடுமையாக வாதாடினார். ஆனால் அவர்களை வெளியேற்றச் சொல்லவில்லை. பிடிக்காதவர்களுக்கும் இடம் கொடுத்தார் என்பதால்தான் அவர்மீது எனக்கு இவ்வளவு மரியாதை.

1663-இல் இரண்டாம் சார்லஸ் அரசர் கொடுத்த பட்டயம் இந்தச் சுதந்திரத்தைச் சட்டமாக்கியது. அதை வாங்கிவர ஜான் கிளார்க் என்பவர் பத்தாண்டுகளுக்கும் மேல் இங்கிலாந்தில் தங்கிப் போராடினார். மத நம்பிக்கையில் மாறுபடுவதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவோ தொந்தரவு செய்யப்படவோ கூடாது என்கிறது அந்தப் பட்டயம். மூலப் பிரதி இன்றும் ஸ்டேட் ஹவுஸில் இருக்கிறது.

குறையும் உண்டு. யூதர்கள் 1658 வாக்கிலேயே நியூபோர்ட்டில் குடியேறினார்கள். 1763-இல் திறக்கப்பட்ட அவர்களுடைய டூரோ ஜெப ஆலயம்தான் அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ஜெப ஆலயக் கட்டடங்களில் பழமையானது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் ஆரன் லோபஸ் என்ற யூத வணிகர் குடியுரிமை கேட்டபோது ரோட் ஐலண்ட் மறுத்தது. அவர் மாசசூசெட்ஸுக்குப் போய் வாங்கிக்கொண்டார். வழிபட விடுவதும் சம உரிமை தருவதும் ஒன்றல்ல என்பதை இந்த ஊர் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

ரோஜர் வில்லியம்ஸை ஆப்பிள் மரம் தின்றது என்கிறார்களே?

இந்த மாநிலத்தின் பிரபலமான கதை இது. வில்லியம்ஸ் 1683-இல் இறந்து தன் நிலத்திலேயே புதைக்கப்பட்டார். 1860-இல் நினைவுச்சின்னம் எழுப்புவதற்காகத் தோண்டியபோது எலும்புகள் ஏதும் கிடைக்கவில்லை. பக்கத்து ஆப்பிள் மரத்தின் வேர் ஒன்று உடல் கிடந்த இடத்துக்குள் புகுந்து, இடுப்பு, முழங்கால் என்று வளைந்து, மனித உருவம் போலவே வளர்ந்திருந்ததாகச் சொன்னார்கள். அந்த வேரை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். ரோட் ஐலண்ட் வரலாற்றுச் சங்கத்திடம் அது இன்னமும் இருக்கிறது.

பூர்வகுடிகளுக்கு என்ன நடந்தது?

நட்பாகத் தொடங்கிய உறவு ஒரு தலைமுறையில் சீரழிந்தது. 1675-இல் வாம்பனோக் தலைவர் மெட்டாகாம் தலைமையில் போர் மூண்டது. அந்த டிசம்பர் 19 அன்று மாசசூசெட்ஸ், பிளிமத், கனெக்டிகட் படைகள் இன்றைய தெற்கு கிங்ஸ்டன் பகுதிச் சதுப்பு நிலத்தில் இருந்த நாரகான்செட் கோட்டையைத் தாக்கித் தீ வைத்தன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1676 மார்ச்சில் பிராவிடன்ஸ் எரிக்கப்பட்டது, வில்லியம்ஸின் வீடும் சேர்ந்து எரிந்தது. ஆகஸ்டில் இன்றைய பிரிஸ்டல் ஊரில் மெட்டாகாம் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்கள் கொத்தடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த விற்பனையை மேற்பார்வையிட்ட பிராவிடன்ஸ் குழுவில் வயதான ரோஜர் வில்லியம்ஸும் இருந்தார். அவரைப் போற்றுபவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1880-களின் தொடக்கத்தில் மாநில அரசு 'நாரகான்செட் இனக்குழு இனி இல்லை' என்று அறிவித்து நிலத்தையும் எடுத்துக்கொண்டது. அவர்கள் விடவில்லை. 1978-இல் வழக்கின் தீர்வாக சார்ல்ஸ்டவுனில் சுமார் 1,800 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 1983-இல் கூட்டாட்சி அரசு அவர்களை மீண்டும் அங்கீகரித்தது.

இவ்வளவு சுதந்திரம் பேசிய ஊர் அடிமை வணிகம் செய்ததா?

செய்தது, அதுவும் மற்ற அமெரிக்கக் குடியேற்றங்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக.

1652-இலேயே பிராவிடன்ஸும் வார்விக்கும் யாரையும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. 1709-க்கும் 1807-க்கும் இடையில் ரோட் ஐலண்ட் வணிகர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் அனுப்பினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கடத்தி வந்தார்கள்.

வணிகம் நடந்த விதம் இப்படி. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வெல்லப்பாகு நியூபோர்ட்டுக்கு வரும். இங்கே அதைக் காய்ச்சி ரம் ஆக்குவார்கள். 1764-இல் இந்தச் சின்னஞ்சிறு குடியேற்றத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ரம் ஆலைகள் இருந்தன. ரம்மை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். அவர்களை அதே கரும்புத் தோட்டங்களில் விற்று மறுபடி வெல்லப்பாகு. கப்பல் கட்டும் தச்சர், பீப்பாய் செய்பவர், கயிறு திரிப்பவர், பங்கு போடும் கடைக்காரர் என்று ஊரே அதில் பிழைத்தது.

1787-இல் மாநிலச் சட்டம் இதைத் தடை செய்த பிறகும் பிரிஸ்டலின் டிவுல்ஃப் குடும்பம் தொடர்ந்து செய்தது. அந்தக் குடும்பத்தின் ஜேம்ஸ் டிவுல்ஃப் பின்னாளில் அமெரிக்க செனட்டரே ஆனார். பிராவிடன்ஸின் பிரவுன் குடும்பம் இதில் இரண்டாகப் பிரிந்தது. ஜான் பிரவுன் அடிமை வணிகத்தை விடாமல் ஆதரித்தார். அவருடைய தம்பி மோசஸ் பிரவுன் குவேக்கராகி, தன் அடிமைகளை விடுவித்து, அண்ணனுக்கு எதிராகவே இயக்கம் நடத்தினார். அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பிரவுன் பல்கலைக்கழகம் தன் கடந்த காலத்தை ஆராய்ந்து 2006-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது.

நியூபோர்ட் போகிறவர்கள் மாளிகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பொது மயானத்தின் ஒரு பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கர்களின் கல்லறைகள் பெயர் பொறித்த கற்களோடு இருக்கின்றன. அங்கேயும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் கடைசியாகச் சேர்ந்த மாநிலமா இது?

முதல் பதின்மூன்று மாநிலங்களில் கடைசி. ஆனால் பிரிட்டனை எதிர்ப்பதில் முன்வரிசை. 1772 ஜூனில், சுங்கம் பிடிக்க வந்த காஸ்பி என்ற பிரிட்டிஷ் கப்பல் தரைதட்டி நின்றபோது பிராவிடன்ஸ்காரர்கள் இரவில் படகில் போய் அதை எரித்தார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு நடந்தது இது. 1776 மே 4 அன்று, பொதுவான சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முன்பே, அரசருக்கான விசுவாசத்தை ரோட் ஐலண்ட் கைவிட்டது.

அரசியலமைப்பு எழுதும்போது மட்டும் வேறு கதை. 1787 மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை. பெரிய மாநிலங்கள் விழுங்கிவிடும் என்ற பயம், தாங்கள் அச்சடித்த காகிதப் பணம் செல்லாமல் போகும் என்ற பயம், அடிப்படை உரிமைகள் எழுதப்படவில்லை என்ற எதிர்ப்பு. 1788-இல் மக்கள் வாக்கெடுப்பில் 2,711-க்கு 239 என்று நிராகரித்தார்கள். ஆதரவாளர்களில் பெரும்பாலோர் அந்த வாக்கெடுப்பையே புறக்கணித்திருந்தார்கள். வாஷிங்டன் அதிபரான பிறகும் ரோட் ஐலண்ட் வெளியேதான் நின்றது. வணிகத் தடை வரும் என்று செனட் மிரட்ட, தனியே பிரிந்துவிடுவோம் என்று பிராவிடன்ஸ் நகரமும் மிரட்ட, 1790 மே 29 அன்று 34-க்கு 32 என்று ஒப்புதல் கிடைத்தது. இரண்டே வாக்கு.

டார் கலகம் என்றால் என்ன?

1663 பட்டயத்தையே இவர்கள் 1843 வரை அரசியலமைப்பாக வைத்திருந்தார்கள். அதன்கீழ் ஓட்டுப் போடக் குறிப்பிட்ட மதிப்புள்ள நிலம் வேண்டும். தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, நகரத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லாமல் போனது. தாமஸ் டார் என்ற வழக்கறிஞர் தலைமையில் அவர்கள் தாங்களே ஓர் அரசியலமைப்பு எழுதி, தேர்தல் நடத்தி, டாரை ஆளுநராக்கினார்கள். 1842-இல் மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள்! ஆயுதக் கிடங்கைப் பிடிக்கும் முயற்சி தோற்றது. டாருக்கு ஆயுள் தண்டனை விதித்து, அடுத்த ஆண்டே விடுவித்தார்கள். ஆனால் புதிய அரசியலமைப்பு வந்து ஓட்டுரிமை விரிந்தது, கறுப்பின ஆண்களுக்கும் கிடைத்தது.

தொழிற்புரட்சி இங்கேதான் தொடங்கியதா?

அமெரிக்காவைப் பொறுத்தவரை, பருத்தி நூற்பில் ஆம். சாமுவேல் ஸ்லேட்டர் இங்கிலாந்தில் நூற்பாலையில் பயிற்சி பெற்றவர். இயந்திர வரைபடங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது அங்கே குற்றம். அவர் எல்லாவற்றையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு 1789-இல் அமெரிக்கா வந்தார். மோசஸ் பிரவுன் பணம் போட, 1790-இல் பாட்டக்கெட் ஊரில் பிளாக்ஸ்டோன் ஆற்றின் விசையில் நூற்புக் கதிர்கள் சுழன்றன. 1793-இல் கட்டிய ஆலை இன்றும் நிற்கிறது, தேசியப் பூங்காவின் பகுதியாக.

முதல் தொழிலாளர்கள் ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள். அடிமை முறையை எதிர்த்த மோசஸின் ஆலைக்கும் வந்த பருத்தி, காலப்போக்கில் தெற்கு மாநில அடிமைகள் பறித்ததாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் ரோட் ஐலண்ட் ஆலைகள் அதே அடிமைகள் உடுத்துவதற்கான முரட்டுத் துணியை நெய்து தெற்கே விற்றன. 1824-இல் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பாட்டக்கெட்டின் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அமெரிக்காவின் முதல் தொழிற்சாலை வேலைநிறுத்தமாக அதைக் குறிப்பிடுகிறார்கள்.

நியூபோர்ட் ஏன் இவ்வளவு பிரபலம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் பெரும் பணக்காரர்கள் கோடைக்கு இங்கே வந்தார்கள். ரயில்வே அதிபர் குடும்பத்தின் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் 1895-இல் கட்டி முடித்த 'தி பிரேக்கர்ஸ்' மாளிகையில் 70 அறைகள். அதை அவர்கள் குடில் என்றே அழைத்தார்கள். மாளிகைகளுக்கும் கடலுக்கும் நடுவே 5 கி.மீ.க்கும் மேல் போகும் பாறைக்கரை நடைபாதையில் யார் வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். எனக்கு மாளிகைகளைவிட அந்தப் பாதையே பெரிதாகப் படுகிறது.

முதல் அமெரிக்க டென்னிஸ் சாம்பியன்ஷிப் 1881-இல் இங்கே நடந்தது. 1954-இல் தொடங்கிய ஜாஸ் விழா இன்றும் நடக்கிறது. ஜான் கென்னடியின் திருமணம் 1953-இல் இங்கிருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில்.

என்ன சாப்பிடுவார்கள்?

கடல்தான் சமையலறை. குவாஹாக் என்ற கெட்டி ஓட்டு மட்டி இந்த விரிகுடாவின் அடையாளம். அதை நறுக்கி, ரொட்டித் துகளும் மசாலாவும் கலந்து, ஓட்டிலேயே திணித்து வேகவைப்பது 'ஸ்டஃபி'. அதே மட்டியின் ஊதா ஓட்டிலிருந்துதான் பூர்வகுடிகள் வாம்பம் மணிகள் செய்தார்கள். மட்டி சூப்பில் பாஸ்டன்காரர்கள் பால் ஊற்றுவார்கள், இவர்கள் தெளிந்த சாறாகவே விடுவார்கள். பாயின்ட் ஜூடித் துறைமுகத்தில் கணவாய் ஏராளம். 2014-இல் பொரித்த கணவாயை மாநிலத்தின் அதிகாரப்பூர்வத் தொடக்க உணவாகச் சட்டம் போட்டே அறிவித்தார்கள்.

அதிகாரப்பூர்வ பானம் காபி மில்க். குளிர்ந்த பாலில் இனிப்பான காபி சிரப் கலந்தது. 1993-இல் இந்தத் தகுதி பெற்றது. வெள்ளைச் சோள மாவில் சுடும் ஜானிகேக் பூர்வகுடிகளிடமிருந்து வந்த உணவு.

மாநிலப் பறவை கோழியா?

ஆமாம், 1954 முதல் ரோட் ஐலண்ட் ரெட் கோழிதான். நம் ஊரில் கோழி வளர்ப்பு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இந்தியாவிலும் முட்டைக்காகவும் கலப்பினத்துக்காகவும் பயன்பட்ட இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிட்டில் காம்ப்டன் பகுதி விவசாயிகள், கப்பல்களில் வந்த மலாய்ச் சேவல் போன்ற ஆசிய இனங்களை உள்ளூர்க் கோழிகளோடு சேர்த்து இதை உருவாக்கினார்கள். ஆடம்ஸ்வில் கிராமத்தில் இந்தக் கோழிக்கு 1925-இல் நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள்.

ஆட்சி முறையில் ஏதாவது விசேஷம் உண்டா?

ஐந்து கவுண்டிகள் வரைபடத்தில் உண்டு, அவற்றுக்கு அரசாங்கம் கிடையாது. நிர்வாகம் எல்லாம் 39 நகரங்கள், ஊர்கள் கையில். அமெரிக்க செனட்டில் இருவர், பிரதிநிதிகள் சபையில் இருவர். கொடியில் நங்கூரம், அதன்கீழ் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல். மதுவிலக்குக்கான 18-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்காத இரண்டு மாநிலங்களில் இது ஒன்று, மற்றது கனெக்டிகட். இரண்டாம் உலகப் போர் வெற்றி நாளை ஆகஸ்ட் இரண்டாவது திங்களில் இன்னும் அரசு விடுமுறையாக வைத்திருக்கும் ஒரே மாநிலம்.

யார் யார் வசிக்கிறார்கள்?

ஆலைகள் ஆட்களை இழுத்தன. ஐரிஷ்காரர்கள், வூன்சாக்கெட்டில் பிரெஞ்சுக் கனடியர்கள், பிராவிடன்ஸின் ஃபெடரல் ஹில்லில் இத்தாலியர்கள், கரையோரம் போர்ச்சுகீசியர்களும் கேப் வெர்டியர்களும். பிறகு டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, கம்போடியா, லைபீரியாவிலிருந்து வந்தவர்கள். பியூரிட்டன்களிடமிருந்து தப்பியவர்கள் தொடங்கிய மாநிலம், இன்று அமெரிக்காவிலேயே கத்தோலிக்கர் விகிதம் மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று.

புயல் ஆபத்து உண்டா?

விரிகுடா தெற்கே அகன்று வடக்கே குறுகுவதால், புயல் தள்ளும் கடல்நீர் நேராக பிராவிடன்ஸ் நடுவே வந்து நிற்கும். 1938 செப்டம்பர் 21 அன்று நகர மையம் மூழ்கியது. 1954-இல் கேரல் புயலில் மறுபடி. அதன் பிறகு ஃபாக்ஸ் பாயின்ட்டில் புயல் தடுப்பு மதகுகள் கட்டி 1966-இல் முடித்தார்கள்.

பிளாக் ஐலண்டில் என்ன இருக்கிறது?

தெற்கே திறந்த கடலில் உள்ள தீவு இது, பாயின்ட் ஜூடித்திலிருந்து பெரிய படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். களிமண் செங்குத்துக் கரைகளைக் கடல் தின்றுகொண்டே வந்ததால், 1870-களில் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கத்தை 1993-இல் அப்படியே நகர்த்தி உள்ளே தள்ளி வைத்தார்கள். அமெரிக்காவின் முதல் வணிகக் கடல் காற்றாலை 2016 டிசம்பரில் இங்கே இயங்கத் தொடங்கியது. ஐந்து காற்றாடிகள், 30 மெகாவாட். 2017 வரை தீவு டீசல் ஜெனரேட்டர்களில் ஓடியது.

எப்படிப் போவது, ஒரு நாளில் எதைப் பார்ப்பது?

விமான நிலையம் வார்விக்கில் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து பிராவிடன்ஸ் சுமார் 80 கி.மீ., ரயிலில் முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள். நியூயார்க்கிலிருந்து ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம். பிராவிடன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து ஸ்டேட் ஹவுஸ் நடக்கும் தூரம்தான், அங்கே 1663 பட்டயத்தை முதலில் பாருங்கள். பிறகு ஆற்றைக் கடந்து காலேஜ் ஹில் ஏறினால் முதல் பாப்டிஸ்ட் ஆலயம், பிரவுன் பல்கலைக்கழகம், ரோஜர் வில்லியம்ஸ் சிலை மூன்றும் அருகருகே. மதியத்துக்கு மேல் பாட்டக்கெட்டின் ஸ்லேட்டர் ஆலை அல்லது நியூபோர்ட், ஏதாவது ஒன்று. கோடையில் பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட்டுக்குப் படகும் உண்டு, நேரம் இருந்தால் விரிகுடா வழியாகவே போங்கள்.